சீன வகுப்புக்குப் போன பிள்ளை

– லேஸ் வேணாம் சுபைதா அக்கா. மேடையில ஏறப்போற பிள்ளை. லேஸ் வைச்சால் பிறந்தநாள் சட்டை மாதிரித் தெரியும் எண்டு இராகுலன் சேர் சொன்னவர்.

– சட்டையப் போடப்போறது அந்த சேரா, ஒங்கட மகளா? அந்தப் புள்ள நேத்து இந்த மெசினுக்குப் பக்கத்தில நிண்டு சொல்லிட்டுத்தான் போச்சு, கழுத்தச் சுத்தி லேஸ் வைங்க ஆன்டி எண்டு. நான் வெட்டியும் வச்சிட்டன்.

– சரி, வெட்டினதை வையுங்கோ. ஆனா ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் கட்டாயம் வேணும். படம் எடுப்பினம். பேப்பரிலயும் போடுவினமாம்.

– அதென்ன தம்பி அப்படி ஒரு விழா? சந்தியில பெரிய பேனர் ஒண்டு தொங்குது. யதுர்சிகாட படம் போட்டிரிக்கி எண்டு எங்கட மகன் றிஸ்கான் வந்து சொன்னான். நான் கண்ணாடி இல்லாமப் போனதால எழுத்து வாசிக்க ஏலாமப் போயிட்டு.

– எங்கட யதுதான். மேல 'யதுர்சிகா பிரகலாதன்' எண்டு பெரிய எழுத்தில பேர். கீழ 'எமது மாணவி' எண்டு அதைவிடப் பெரிய எழுத்தில சேர்ட பாஷை அகடமிட பேர். பாராட்டு விழாவில முதல் பேச்சு என்டது. தலைப்பும் சேர்தான் தந்தவர்: சிறுவயதிலேயே பிறமொழி கற்பதன் அவசியம்.

– நீங்களா பேசப்போறீங்க?

– பெற்றார் சார்பில நான்தான். இத்தினை வருசமா லோஞ்ச் ஓட்டுறன். துறைமுக ஜெட்டியில இருந்து கப்பலுக்கு ஆள் ஏத்துறது, கப்பலில இருந்து ஜெட்டிக்கு ஆள் இறக்குறது. மைக்குக்கு முன்னால நிண்டு பழக்கமில்ல. பேச்சையும் சேரே எழுதித் தந்திட்டார். கேளுங்கோ: "ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூளை ஈரச் சீமெந்து போன்றது. அதில் எந்த மொழியின் காலடி பட்டாலும் அது அழியாமல் நிலைத்துவிடும்." எப்பிடி?

– எங்கட வளவில ஈரச் சீமெந்தில ஒருக்கா கோழி நடந்திச்சி. அதுவும் இன்னும் அழியல்ல.

– பகிடி விடாதேங்கோ அக்கா. நான் சட்டைக்கு மட்டும் வரேல்ல. உங்களிட்ட ஒரு கதை கதைக்க வந்தனான்.

– கதைங்க. காது சும்மாதானே இரிக்கி.

– அண்டைக்கு ஜெட்டியில யது அரபு கதைச்சது அகடமியில படிச்சதாலதான் எண்டு சேர் மேடையில சொல்லப்போறார். அங்க அரபு வகுப்பே இல்ல எண்டு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சீனம், கொரியன், ஹிந்தி, இங்கிலிஷ், அவ்வளவுதான். அதாலதான் கேக்கிறன். வகுப்பு முடிய, நான் வேலையால வாறவரைக்கும் அவள் உங்கட கடையில இருக்கிறவள் எண்டும், நீங்கள்தான் அவளுக்கு அரபு சொல்லிக் குடுத்தனீங்கள் எண்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.

– நான் சொல்லிக் குடுத்தன் எண்டு ஆரு சொன்ன?

– வேற ஆர்? நீங்கள் ஒன்பது வருசம் குவைத்தில இருந்தனீங்கள்.

– இரிந்தன். கழுவினன், துடைச்சன், மீன் பொரிச்சன். பள்ளிக்கூடம் நடத்தல்ல. அதிரிக்கட்டும், சேருக்காக மட்டும்தானா இந்தக் கதை? ஒங்கட முகத்தில வேற என்னமோ இரிக்கி.

– உங்களிட்ட மறைக்க ஏலாது. எங்கட ஆக்களிலயும் ஒண்டு ரெண்டு பேர் கதைக்கினம். என்ட மனிசி தர்சினிட பெரியம்மா கோயிலடியில வைச்சே கேட்டிட்டா, பிள்ளையை என்ன, வேற வேதத்துக்கு மாத்திப் போட்டினமோ எண்டு. நாலு பேருக்கு முன்னால. அகடமியில படிச்சவள் எண்டு சொன்னால் அந்தக் கதை நிண்டிடும்.

– ஓ. சீனம் படிச்சா ஒரு வேதமும் இல்ல. அரபு படிச்சா மட்டும் வேதம்.

– நான் அப்பிடி நினைக்கேல்ல அக்கா. நினைச்சிருந்தால் என்ட பிள்ளையை இஞ்ச விட்டிருப்பனோ?

– நினைக்கல்ல. ஆனா ஒளிக்கச் சொல்றீங்க. சரி, கோவமில்ல, ஊசிய வாயில வச்சிட்டுக் கோவிக்க ஏலாது. முதல்ல அண்டைக்கு என்ன நடந்த எண்டு நேராச் சொல்லுங்க. கடைக்கு வாற ஒவ்வொரு பொம்பிளையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்றா. யதுவக் கேட்டா, ஒரு மாமாக்கு வருத்தம் எண்டு மட்டும் சொல்லுது. ஒருத்தி சொல்றா, ஒங்கட மகள் கப்பலையே மறிச்சதாம்.

– கப்பலை ஒருத்தரும் மறிக்கேல்ல. போன சனிக்கிழமை ஒரு சரக்குக் கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிண்டது. அதில ஒரு சீனாக்கார ஒஃபிசர். ரெண்டு மூண்டு தரம் என்ட லோஞ்சில வந்து போனவர், நல்ல மனிசன். அண்டைக்கும் கரைக்கு வாறார் எண்டு தெரிஞ்சவுடன சேருக்குச் சொன்னன். அவர் சொன்னார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, சீனாக்காரனோட சீனம் கதைக்கிறதை வீடியோ எடுப்பம், பேந்து அகடமிக்கு வேற விளம்பரமே தேவையில்ல எண்டு. நான் கேற்றில சொல்லி அனுமதி எடுத்து, யதுவைக் கொண்டு போய் ஜெட்டியில நிப்பாட்டினன். தலைக்கு எண்ணெய் வைச்சு, ரெண்டு பின்னல் போட்டு.

– புள்ள கதைச்சிச்சா?

– வாயே திறக்கேல்ல. அந்த மனிசன் குனிஞ்சு சிரிச்சுச் சிரிச்சுக் கேக்கிறார். இவள் என்ட காற்சட்டையைப் பிடிச்சுக்கொண்டு தன்ட சப்பாத்தைப் பாக்கிறாள். ரெண்டு வருசமாப் படிக்கிற சீனம். ஒண்டு ரெண்டு கூட வரேல்ல. சேர், பிள்ளைக்குக் கூச்சம் எண்டு சமாளிச்சுப் போட்டு, தானே முன்னுக்கு வந்து சீனத்தில நீளமா ஒரு வசனம் சொன்னார். ஒஃபிசர் வடிவாக் கேட்டுப் போட்டு இங்கிலிஷில சொன்னார், மன்னிக்கோணும், எனக்குத் தமிழ் தெரியாது எண்டு.

– அல்லாவே. நூல் அறுந்திட்டு, என்னச் சிரிக்க வைக்காதீங்க.

– எனக்கு அண்டைக்குச் சிரிப்பு வரேல்ல. நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அந்த நேரம்தான் மற்ற லோஞ்ச் வந்தது. அதுக்குள்ள அந்தக் கப்பலில சமைக்கிற குசினிக்காரன். பெரிய உடம்பு, நெஞ்சு வரைக்கும் தாடி. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இறால் மாதிரிச் சுருண்டு கிடந்தான். ஈராக் பக்கத்து ஆளாம். கப்பலுக்குப் புதுசாம். அவன்ட பாஷை தெரிஞ்ச ஒரே ஒரு ஆள் முந்தின துறைமுகத்தில இறங்கிப் போட்டானாம். கப்பல் ஏஜென்ட் கந்தோர் ஆக்கள் சொல்லி அம்புலன்ஸும் டொக்டரும் ஏற்கனவே வந்து நிக்கினம். தூக்கிப் படுக்க வைக்கப் போனால் தொட விடுறானில்ல. ஜெட்டிக் கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கத்துறான்.

– அம்புலன்ஸில ஏறினா என்னவாம்?

– அது எங்களுக்கு அப்ப தெரியாது. பேந்துதான் தெரிஞ்சது. தன்னை இந்தத் தெரியாத ஊரில இறக்கி விட்டிட்டுக் கப்பல் போகப்போகுது, செத்தாலும் வீட்டுக்குச் சொல்ல ஆளில்ல எண்டு பயந்திட்டான். டொக்டர் இங்கிலிஷில கேட்டுப் பாத்தார். ஒஃபிசர் தனக்குத் தெரிஞ்சதில கேட்டார். நான் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில ஆறுதல் சொன்னன், அதுக்கு இன்னும் பலமாக் கத்தினான். ஏஜென்ட் கந்தோரில வேலை செய்யிற மதுசன் போனை நீட்டி, அதில மொழிபெயர்க்கப் பாத்தான். அவன் கத்தின கத்தலில போனுக்கும் ஒண்டும் விளங்கேல்ல.

– பாவம். அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஒரு எயார்போட்டில நானும் அப்படி ஒரு கம்பியப் பிடிச்சிட்டு நிண்டிரிக்கன். ம், பிறகு?

– பிறகு, என்ட காற்சட்டையில பிள்ளைட கை இல்ல. திரும்பிப் பாத்தால், அவனுக்குப் பக்கத்தில போய்க் குந்திக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ஓடிப்போய் இழுக்க முதல், அவன்ட தாடியில கையை வைச்சு என்னவோ சொன்னாள். அவன் கத்துறதை நிப்பாட்டினான். ரேடியோவை நிப்பாட்டின மாதிரி.

– என்ன சொன்னா? சொல்லு ஞாபகம் இரிக்கா?

– மதுசன் போனை நீட்டினவன், அப்பிடியே வீடியோவும் எடுத்துப் போட்டான். நான் இந்தக் கிழமை முழுக்க அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டனான். எனக்குப் பாடம். முதல்ல "ஹபீப்தி" எண்டாள். பேந்து "லா திப்சீன்". பேந்து, "வேன் யாவ்ரிச்?"

– வேன் யாவ்ரிச். எங்க நோகுது எண்டு.

– ஓம். அவன் கையை எடுத்து, வயித்துக்குக் கீழ வலப்பக்கமா வைச்சுக் காட்டினான். டொக்டருக்கு அது போதும். ஆனா ஒண்டு அக்கா, அவ்வளவு நோவுக்குள்ளயும் அவன் அவளைப் பாத்து ஒருக்காச் சிரிச்சான். கண்ணால தண்ணி ஓடுது, வாய் சிரிக்குது. அது ஏன் எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் விளங்கேல்ல.

– எனக்கு விளங்குது. பிறகு சொல்றன். நீங்க முடிங்க.

– அதுக்குப் பிறகு அவள்ட கையை விடமாட்டன் எண்டிட்டான். அவளும் அம்புலன்ஸில ஏற, பின்னால நானும் ஏறினன். வழி முழுக்க அவன்ட நெத்தியைத் தடவித் தடவி, ஒரு பாட்டு மாதிரி என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்தில இருக்கிறது என்ட பிள்ளை. ஆனா எனக்கு அவளிட்ட எங்க படிச்சனி எண்டு கேக்கக்கூடப் பயமா இருந்தது. ஆசுபத்திரியில நேர ஒப்பரேசனுக்குக் கொண்டு போச்சினம். குடல்வால். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வெடிச்சிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்.

– இப்ப ஆள் எப்படி?

– எழும்பி நடக்கிறான். முந்தநாள் போய்ப் பாத்தனாங்கள். யதுவைக் கண்டவுடன கட்டிலில இருந்தபடி கையை நெஞ்சில வைச்சுத் தலையைக் குனிஞ்சான். அவ்வளவு பெரிய மனிசன். எனக்கு அழுகை வந்திட்டுது.

– அல்ஹம்துலில்லாஹ். தம்பி, மேடையில ஏறி இதச் சொன்னாப் போதுமே. சீமெந்து எதுக்கு?

– சேர் விடமாட்டார். அடுத்த மாசம் அகடமியில அரபு வகுப்பும் தொடங்கப் போறார். யதுதான் முதல் மாணவியாம். ஆர் படிப்பிக்கிறது எண்டு கேட்டன். ஆள் தேடுறாராம். உங்களைக் கேட்டுச் சொல்லச் சொல்லி என்னட்டத்தான் சொன்னவர்.

– அப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் வாய மூடோணும். அடுத்த மாசம் திறக்கோணும்.

– நீங்கள் சொல்லேக்க பிழை மாதிரித்தான் கிடக்கு.

– சரி, விடுங்க. நான் கேக்கிறனெண்டு கோவிக்கக் கூடாது. ஏழு வயசுப் புள்ளைக்கு எதுக்கு இத்தின பாஷை? அந்தப் புள்ள இஞ்ச வந்து இந்தத் துணிக் குவியலுக்கு மேல விழுந்து படுக்கிற மாதிரிப் படுக்குது. விளையாடுற நாள் எந்த நாள்?

– எனக்கு இந்தப் பைத்தியம் சும்மா வரேல்ல அக்கா. என்ட வேலையில பாருங்கோ, காலமை கொரியாக்காரன், மத்தியானம் இந்தியாக்காரன், பின்னேரம் சீனாக்காரன். பேப்பரில ஒரு நாள் போடுறான் துறைமுகத்தை இன்னார் எடுக்கப்போறான் எண்டு. யதுவைக் கொண்டு போய் அந்த வகுப்பில போடுவன். அடுத்த வருசம் இல்லையாம், மற்றவன்தானாம் எண்டு போடுறான். பேந்து அந்த வகுப்பு. ஆர் வந்து எடுத்தாலும் என்ட பிள்ளை முன்வாசலில நிண்டு வணக்கம் சொல்லக்கூடியவளா இருக்கோணும் எண்டு நினைச்சன்.

– துறைமுகத்த ஒருத்தரும் எடுக்கல்ல எண்டா?

– அதை நான் யோசிக்கேல்ல. ஆனா முழுக்க என்ட யோசினையும் இல்ல. தர்சினிதான் தொடங்கினவா. நாலு வருசத்துக்கு முதல் குவைத்துக்குப் போகேக்க அவாவுக்கு ஒரு சொல்லுத் தெரியாது. போன புதுசில வீட்டுக்காரி விருந்தாளிகளுக்கு முன்னால சீனி கேக்க, இவா உப்பைக் கொண்டு போய் வைச்சவாவாம். மனிசி ஏசினவா. ஏச்சும் விளங்கேல்ல, அதுக்கும் சேர்த்து ஏச்சு. குளியலறைக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு எனக்குப் போன் கோல் எடுத்து அழுதவா. அண்டைக்குச் சொன்னவா, எங்கட பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் என்னை மாதிரி ஊமையா நிக்கக் கூடாது, எத்தினை பாஷை இருக்கோ அத்தினையும் இப்பவே படிப்பியுங்கோ எண்டு.

– அப்ப யதுக்கு மூண்டு வயசு.

– ஓம். தமிழே வடிவா வரேல்ல. ரயிலை லயில் எண்டுவாள்.

– ஜெட்டி வீடியோவ தர்சினிக்கு அனுப்பினீங்களா?

– முதல் ஆளா அவாவுக்குத்தான் அனுப்பினன். கனடாவில இருந்து, லண்டனில இருந்து, எங்க இருந்தெல்லாமோ சொந்தக்காரர் கோல் எடுத்துப் பாராட்டினவை. அவா மட்டும் ஒண்டும் சொல்லேல்ல. பாத்திட்டா எண்டு போனில காட்டுது. அதுக்குப் பிறகு கோலும் எடுக்கேல்ல. ஒரு நாளும் தவறாதவா. வேலை கூடவாக்கும்.

– வேல இல்ல தம்பி. இப்படி அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு இருங்க.

– ஏன் அக்கா? மெசினை ஏன் நிப்பாட்டிப் போட்டியள்?

– அந்த மனிசன் ஏன் சிரிச்ச எண்டு கேட்டீங்களே. ஹபீப்தி எண்டா, என்ட கண்ணம்மா எண்ட மாதிரி. அது பொம்பிளப் புள்ளைக்குச் சொல்றது. ஆம்பிளைக்கு எண்டா ஹபீபி. லா திப்சீன் எண்டா அழாதடி. அழாதடா இல்ல. அவ்வளவு பெரிய தாடிக்காரனப் பாத்து, அழாதடி என்ட கண்ணம்மா, எங்கடி நோகுது எண்டு கேட்டா, சிரிக்காம என்ன செய்யிற?

– ஓ. அப்ப அவள் பிழையாப் படிச்சிட்டாள். நீங்கள் அதைத் திருத்தியிருக்கலாம்.

– இன்னும் விளங்கல்லயா? படிச்சுக் குடுக்கிறவங்க ரெண்டு மாதிரியும் படிச்சுக் குடுப்பாங்க. இது படிச்ச பேச்சு இல்ல, கேட்ட பேச்சு. ஒரு பொம்பிளப் புள்ளைய வளக்கிற ஆள், அந்தப் புள்ளைக்குச் சொல்றதக் கேட்டுக் கேட்டு வந்த பேச்சு. ஒங்கட மகள் இஞ்ச வந்து என்னட்ட ஒரு சொல்லும் வாங்கல்ல. வரக்குள்ளயே வாய் நிறைய வச்சிட்டுத்தான் வருவா. பேக்கக் கழட்ட முதல், ஆன்டி, இதுக்கு என்ன கருத்து, அதுக்கு என்ன கருத்து எண்டு கேப்பா. நான் கருத்து மட்டும்தான் சொன்னன்.

– எங்க கேட்டவள்? எங்கட வீட்டில அரபு ரீவியும் இல்ல.

– தர்சினி கோல் எடுக்கக்குள்ள நீங்க எங்க இருப்பீங்க?

– நானோ? போனை அலுமாரியில சாத்தி வைச்சுப் போட்டு, குசினிக்குள்ள போயிடுவன். தாயும் மகளும் ஆறுதலாக் கதைக்கட்டும் எண்டு. அந்த நேரத்திலதான் நான் சோறு வடிக்கிறது.

– ஆறுதலா என்ன கதைப்பாங்க?

– வேற என்ன, படிப்புத்தான். இண்டைக்கு எந்த வகுப்பு, என்ன படிச்சனி, சொல்லு பாப்பம். பிழை, திருப்பிச் சொல்லு. கொப்பியைக் கமராவுக்குக் காட்டு. ஏன் எழுத்துச் சரிஞ்சு கிடக்கு? தலை இழுத்தனியோ? சாப்பிட்டனியோ? அப்பாட்டக் குடு. இந்தக் காலத்தில பிள்ளைட படிப்பில இவ்வளவு கவனமான தாய் உள்ளூரிலயும் இல்ல எண்டு சேர் சொல்லுவார்.

– அந்த வீட்டில சின்னப் புள்ள ஒண்டு இரிக்கா?

– நூறா எண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளை. தர்சினி போய்க் கொஞ்சக் காலத்தில பிறந்தது. இப்ப அதைப் பாக்கிறதுதான் அவாட வேலை. கோலிலயும் மடியை விட்டு இறங்காது. நடுவில சிணுங்கும். தர்சினி அதைப் பராக்காட்டி, கொஞ்சி, நித்திரையாக்கிப் போட்டு, பேந்து இஞ்சால திரும்பி, ம், அடுத்த சொல்லைச் சொல்லு யது எண்டுவா. எனக்குக் குசினிக்குள்ள கேக்கும்.

– பராக்காட்டுறது எந்தப் பாஷையில?

– அதுக்குத் தமிழ் தெரியாதுதானே. அரபில.

– யதுவும் அதக் கேட்டிட்டுத்தானே நிக்கிது.

– நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா?

– ஒரு நாள் யது வந்து கேட்டா, ஆன்டி, எங்கட அம்மா ஆம்பிளையா எண்டு. ஏன் மகள் எண்டன். அந்தக் குட்டி எங்கட அம்மாவ மாமா, மாமா எண்டு கூப்பிடுது எண்டா. எனக்கு முதல்ல சிரிப்பு வந்திட்டு. பிறகு, அரபில மாமா எண்டா என்ன கருத்து எண்டு கேட்டா.

– சொல்லிப் போட்டியளோ?

– அம்மா எண்டு கருத்து எண்டு சொன்னன். அந்தப் புள்ளட கண்ணப் பாத்துட்டுப் பொய் சொல்ல வாய் வரல்ல.

– அவள் என்ன சொன்னவள்?

– கீழ கிடந்த துண்டுத் துணியெல்லாம் பொறுக்கி, நிறம் நிறமா அடுக்கினா. பிறகு, சரி, அப்ப நாமி எண்டா என்ன எண்டு அடுத்த சொல்லக் கேட்டா. நித்திரையாகடி எண்டு கருத்துச் சொன்னன்.

– எனக்கு இதொண்டும் தெரியாது. ஒரு சொல்லும் சொல்லேல்ல என்ட பிள்ளை. தர்சினி அந்த வீடியோவில யதுட வாயால தன்ட குரலைக் கேட்டிருக்கிறா. அதுதான் கோல் இல்ல. அப்ப இவ்வளவு நாளும் யது அலுமாரிக்கு முன்னால நிண்டு ஒட்டுக் கேட்டிருக்கிறாள். பொறாமை. அந்த நூறாவை ஏசுறதுக்கெண்டு படிச்சிருக்கிறாள். பாவம், சின்னப் பிள்ளைதானே, தாயைப் பறிச்சுப் போட்டுது எண்டு நினைச்சிருப்பாள்.

– நானும் அப்படித்தான் நினைச்சன். மனசுக்குள்ள வச்சிட்டு இரிக்க ஏலாம, கேட்டும் போட்டன். ஒனக்கு எதுக்கு மகள் இந்த அரபு, அந்தப் புள்ளயோட சண்ட பிடிக்கவா எண்டு.

– என்னவாம்?

– இல்ல ஆன்டி, எங்கட அம்மாக்குத் தமிழில என்னைக் கொஞ்சத் தெரியாது, அதுதான் நான் அரபு படிக்கிறன் எண்டா.